முந்நூற்றுப் பதினோரு மூக்கு

கன் ரூம் சுவரில் ஒட்டி வைக்க நாலு வரி எழுதித் தரச் சொல்லி, போன வாரம் செல்வி போன் செய்தாள். எங்கள் மரப் பொம்மைப் பட்டறையில் நான் ஓய்வு பெற்ற பிறகு பெயிண்ட்டைப் பீய்ச்சி அடிக்கிற கன்னைப் பிடிப்பவள் அவள்தான்.

"அக்கா, புது மேனேஜர் பிரைமரை ஒரே கோட்டா, தடிமனா அடிக்கச் சொல்லுதாரு. நடுவுல பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாமாம். நேரா கலர்தானாம். நாங்க சொன்னா எடுபட மாட்டேங்குது. நீங்க எழுதிக் குடுங்க, சுவத்துல ஒட்டிப்புடுதோம்."

"காரணம் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "அந்தம்மாவுக்குப் பயம் ஜாஸ்தி, பயத்துல அடிச்ச கோட்டை எல்லாம் நீங்க முறைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்கன்னாரு."

நாலு வரியில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். சுவரில் இடம் போதாவிட்டால் கதவிலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மேனேஜர் சொன்னது உண்மை. எனக்குப் பயம் ஜாஸ்தி. கம்ப்ரசர் ஸ்விட்சை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்காத நாள் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "என்னக்கா, ஸ்விட்சைப் பாத்துட்டீங்களா, விசில் குடுக்கட்டா?" என்று கேட்ட பிறகுதான் விசில் ஊதுவார். பஸ்ஸே சிரிக்கும். நான் சில நாள் அதற்கப்புறமும் இறங்கி ஓடியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தால்தான். ஏழாம் வகுப்பில் முழுப் பரீட்சை அன்று காலையில் பயத்தில் பாயை விட்டு எழவில்லை. போகவில்லை. மறுநாள், பரீட்சைக்கு ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்பாரே என்ற பயத்தில் போகவில்லை. அதற்கு மறுநாள், இரண்டு நாள் ஏன் வரவில்லை என்று கேட்பாரே என்று போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு. பரீட்சைக்குப் பயந்து ஓடினவளுக்கு, அதற்குப் பிறகு பட்டறையில் இருபது வருசம் தினமும் பரீட்சை நடந்தது.

சோழபுரத்தில் கலியாணமாகி, சில வருசம் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போய், பிறகுதான் இந்தப் பட்டறைக்கு வந்தேன். முதல் எட்டு வருசம் தேய்ப்பு வேலை. எட்டு வருசத்தைச் சொல்ல எட்டுச் சொல் போதும்: உட்கார்ந்தேன், தேய்த்தேன், துடைத்தேன், தும்மினேன். மறுபடியும் அதே நாலு.

ஆனால் ரெங்கராஜன் சாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அவர்தான் எங்கள் சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் நாமம் காயுமுன் பட்டறைக்கு வந்துவிடுவார். சட்டைப் பையில் துளசி இருக்கும். அதே பையில் ஒரு துண்டு ஆஸ்பத்திரிப் பஞ்சும் இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் பஞ்சுக்கு என்ன பஞ்சம்? அதில் ஒரு கிள்ளு எடுத்து, தேய்த்து முடித்த பொம்மை வண்டியின் மேல் மூக்கிலிருந்து வால் வரை மெதுவாக இழுப்பார். அழுத்த மாட்டார், சும்மா மிதக்க விடுவார். மரத்தில் நம் விரலுக்குத் தெரியாத சிலும்பு இருந்தால் பஞ்சில் ஒரு இழை மாட்டிக்கொள்ளும். வழுவழுப்பாக இருந்தால் பஞ்சு முழுசாக மறுபுறம் வந்துவிடும்.

இழை மாட்டினால் அவர் திட்ட மாட்டார். முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார். அந்த வண்டியைத் திருப்பி, மூக்கு சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். அவ்வளவுதான். வகுப்பில் பிள்ளையைச் சுவர்ப்பக்கம் நிறுத்தியதுபோல் அந்த வண்டி நிற்கும். திட்டினால் பதில் பேசலாம், அழலாம், வீட்டில் போய்ச் சொல்லலாம். திரும்பி நிற்கிற வண்டியிடம் என்ன பேசுவது? எடுத்து மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

ஒருநாள் என் தட்டில் பதினாலு வண்டி திரும்பி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கிற பேச்சியம்மாள், மடவார் வளாகத்துக்காரி, வாய் சும்மா இருக்காதவள், "ஏட்டி மாரி, ஒன் வண்டி எல்லாம் ஒன்னோட கோவிச்சிக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுல்லா நிக்கி! என்னட்டி செஞ்ச அதுகள?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்தப் பதினாலில் எல்லாமே ஒரே இடத்தில்தான் பஞ்சைப் பிடித்திருந்தன. மூக்கில்.

அன்றைக்குத்தான் மூக்கைப் புரிந்துகொண்டேன். புதிதாக வேலைக்கு வந்தவர்களும் இதைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ரேஸ் கார் ஒரு சாண் நீளம். மரத்தின் நரம்பு நீளவாக்கில் ஓடும். பக்கவாட்டில் நரம்பு படுத்திருக்கும். அங்கே பெயிண்ட் மேலேயே நிற்கும். மூக்கிலும் வாலிலும் நரம்பு வெட்டுப்பட்டு, அதன் வாய் திறந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே எதை வைத்தாலும் மரம் குடிக்கும். ஒரு கோட்டு அடித்தால் உடம்பெல்லாம் வெள்ளையாகி, மூக்கு மட்டும் நனைந்த மண் மாதிரி மங்கலாக இருக்கிறதே, அது குடித்ததன் அடையாளம்.

அதனால் முறை இது. முதலில் ஈரத்துணியால் மரத்தை ஒரு தரம் துடைத்துக் காய விடவேண்டும். படுத்திருக்கிற சிலும்பு எல்லாம் எழும்பி நிற்கும். எழும்பட்டும். இப்போது எழும்பாவிட்டால் பெயிண்ட்டுக்கு அடியில் எழும்பும். அதை நூற்றெண்பது நம்பர் உப்புத்தாளிலும் இருநூற்று நாற்பதிலும் நரம்போடு தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. மூக்குக்கும் வாலுக்கும் மட்டும் கூடுதலாக ஒரு சுற்று. தூசியைப் பேண்டேஜ் துணியால் துடைத்து, அச்சு மாட்டுகிற துளையில் சைக்கிள் கம்பியைச் செருகித் தட்டில் நட்டு வைக்கவேண்டும். கை படக் கூடாது.

கலருக்கு அடியில் போடுகிற பூச்சுதான் பிரைமர்; முதல் பிரைமர் தண்ணியாக இருக்க வேண்டும். மரம் குடிக்கிறதற்கென்றே அடிக்கிற கோட்டு அது. கன்னுக்கும் வண்டிக்கும் ஒரு சாண் தூரம். வண்டிக்கு வெளியே விசையை அழுத்தி, வண்டியைக் கடந்து, வெளியே போய் விடவேண்டும். வண்டியின் மேல் வைத்து அழுத்தினால் அங்கே ஒழுகும். காய்ந்ததும் முந்நூற்றிருபது பேப்பர். தேய்க்கும்போது பாதிப் பிரைமர் போய்விடும். போகட்டும். மேட்டில் இருந்தது போய், பள்ளத்தில் இருந்தது தங்கும். வழுவழுப்பு என்பது அதுதான். பிறகு இரண்டாம் பிரைமர், நானூறு பேப்பர், அதற்கப்புறம் கலர், அதுவும் மெல்லிசாக மூன்று. மேனேஜர் சொல்கிற ஒரே தடிமன் கோட்டு மேட்டின் மேல் மேடும் பள்ளத்தின் மேல் பள்ளமுமாகத்தான் நிற்கும். மழைக்காலத்தில் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். பிறகு தோல் உரியும்.

இதெல்லாம் பயத்தில் செய்ததுதான். குடித்துவிடுமோ, ஒழுகிவிடுமோ, உரிந்துவிடுமோ என்ற பயத்தில். பயப்படாதவன் எதைக் கண்டுபிடித்தான்?

எட்டு வருசம் கழித்து, கன் பிடித்தவர் வெளியூர் போனபோது ரெங்கராஜன் சார் கன்னை என் கையில் கொடுத்தார். அதுவரை அந்தப் பட்டறையில் பெண் யாரும் கன் பிடித்ததில்லை. "கைநடுக்கக்காரிட்டப் போயி குடுக்கீங்களே சார்" என்று மரம் அறுக்கிற பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. சார் திரும்பாமலே சொன்னார்: "நடுங்குற கை விசையை அழுத்திப் பிடிக்காது. விட்டு விட்டுத்தான் பிடிக்கும். எனக்கு அது போதும்." அந்தக் கன் எனக்குக் கிடைத்த பரீட்சைச் சான்றிதழ். அதை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதுதான் அன்று முதல் என் பெரிய பயம்.

இனி அந்த வெள்ளை வண்டிகளின் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் எழுதி முடித்தால் நான் பொய் எழுதினவள் ஆவேன்.

கன் என் கைக்கு வந்த பிறகு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. பெங்களூர்ப் பார்ட்டி. முந்நூறு ரேஸ் கார். முழுக்க வெள்ளை, நடுவில் ஒரு நீலக் கோடு. சேம்பிள் வண்டி ஒன்றைப் பார்ட்டி ஒப்புக்கொண்டு, அது முதலாளி மேசையில் இருந்தது. உடைசலுக்குச் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு செய்தோம். வெள்ளை என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். சிவப்பும் நீலமும் பாதிக் குறையை மறைக்கும்; வெள்ளை காட்டிக்கொடுக்கும்.

முதல் பிரைமர் அடித்துத் தேய்த்து வைத்திருந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. கம்ப்ரசர், கன், வாள், ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து வைத்தோம். ரெங்கராஜன் சார் சந்தனம் கரைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், வண்டிக்கும் வச்சிருவோமா?"

"கன்னுக்கு வச்சாச்சேம்மா. அது போதும்."

"இல்ல சார், முதல் ஆர்டரு. ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு வைக்காம விட்டா மனசு கேக்காது. எல்லாத்துக்கும் வச்சிருதேன்."

"முந்நூறுக்குமா?"

"வச்சிருதேன் சார்."

அவர் சிரித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் தந்தார். நான் ஒவ்வொரு வண்டியாக, மூக்கில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். ஒன்று விடவில்லை. முடித்ததும் மனசுக்கு அப்படி ஒரு அமைதி. வாழ்க்கையில் நான் பயமில்லாமல் வீட்டுக்குப் போன நாள்கள் சொற்பம். அதில் அது ஒன்று. ஸ்விட்சைக்கூடத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்து, ஈரப் பேண்டேஜ் துணியால் எல்லாப் பொட்டையும் துடைத்தோம். சுத்தமாகப் போய்விட்டது. சார் பஞ்சு இழுத்தார், ஒரு இழை மாட்டவில்லை. இரண்டாம் பிரைமர் அடித்தேன். மாலையில் பார்த்தபோது மூக்குகள் ரோஸ் நிறமாக இருப்பதுபோல் தெரிந்தது. மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரம், அந்த வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் வெள்ளை அடித்தேன். அரை மணி நேரத்தில் மூக்கில் ரோஸ் எழும்பியது. எல்லாவற்றிலும், ஒரே இடத்தில். வெள்ளை மூடவில்லை என்று இன்னொரு கோட்டு அடித்தேன். ஈரமாக இருக்கும்போது வெள்ளை. காயக் காய ரோஸ். அடிக்க அடிக்க மேலே ஏறி வந்தது.

கன்னில் பழைய சிவப்பு ஒட்டியிருக்கும் என்று மூன்று தரம் கழற்றித் தின்னரில் கழுவினேன். தின்னரை மாற்றினேன். புது டப்பா திறந்தேன். மரத்தின் பால் கசிகிறதோ என்று வெறும் மரத்துண்டில் வெள்ளை அடித்துப் பார்த்தேன். பால் மாதிரி நின்றது. பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "மருதாணி வச்சிருக்கியாட்டி?" இல்லை. நான் மருதாணி வைத்தே வருசமாகியிருந்தது.

மூன்றாம் நாள், அச்சுத் துளை பிளந்துபோய் ஒட்டுவதற்காகத் தனிப் பெட்டியில் போட்டிருந்த ஒரு வண்டி கையில் கிடைத்தது. பூஜைக்கு முன்னாலேயே அதை ஒதுக்கிப் பெட்டியில் போட்டிருந்தேன். அதற்கும் மற்றதைப் போலவே பிரைமரும் வெள்ளையும் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ரோஸ் வரவில்லை. அதன் மூக்கு மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும்தான் நான் பொட்டு வைக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துணியில் போனது மேலே இருந்த குங்குமம். உள்ளே இருந்ததை மூக்கு குடித்துவிட்டது. தேய்த்ததில் பிரைமர் மெலிந்து, நரம்பின் வாய் திறந்திருந்த இடம் பார்த்து நான் கொண்டுபோய்ச் சாயத்தை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கோட்டு அடிக்கும்போதும் அதில் இருக்கிற தின்னர் அந்தச் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வருகிறது.

பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"கிறுக்கி, சாமி பொட்டைக் குத்தம் சொல்லுவியா? நாக்கு அழுகிரும். பிரைமர் டப்பா மேல பழியைப் போடு. கம்பெனிக்காரன் எங்கயோ இருக்கான், அவனுக்கு வலிக்கவா போகுது? நாளைக்கி மொதலாளி வருதாரு. உண்மையச் சொன்னேன்னு வையி, கன்னு ஒன் கையில நிக்காது."

அவள் சொன்னது என் நல்லதுக்குத்தான். டப்பா மேல் பழி போட்டால் கன் என்னிடம் இருக்கும். உண்மையைச் சொன்னால் போய்விடும். இரண்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் வேறொன்றும் மனசில் ஓட ஆரம்பித்திருந்தது. என் பயம் அப்படித்தான், ஒன்றில் நிற்காது. இந்த வண்டி எங்கே போகும்? ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை கையில். கையில் கிடைத்ததும் பிள்ளை எதைச் செய்யும்? ஓட்டுவதற்கு முன்னால் வாயில் வைக்கும். எதை வைக்கும்? மூக்கைத்தான் வைக்கும். நாங்கள் அடிக்கிற பெயிண்ட், பிள்ளை வாயில் வைத்தாலும் ஒன்றும் செய்யாது என்று டப்பாவில் அச்சடித்து வருகிற பெயிண்ட். குங்குமத்தில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்று எந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது?

ரெங்கராஜன் சாரிடம் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பொட்டு வைக்காத வண்டியை ஒரு கையிலும், வைத்ததை ஒரு கையிலும் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர் இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சந்தனம் கரைச்சவன் நான். பாதி என்னுது" என்றார். பிறகு, "கும்பிட்டதுல குத்தம் இல்லம்மா. வச்ச எடம் தப்பு" என்றார்.

மறுநாள் முதலாளி வந்தார். தட்டுத் தட்டாக முந்நூற்றுப் பதினோரு வண்டிகள், எல்லாம் அவரைப் பார்த்து, மூக்கில் ரோஸ் பூசிக்கொண்டு நின்றன. நான் முன்னால் போனேன்.

"மொதலாளி, நாந்தான் செஞ்சேன். பூஜை அன்னைக்கி எல்லாத்துக்கும் பொட்டு வச்சது நான். அந்தச் சாயம்தான் ஏறுது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "இதுக்கா மூணு நாளா வேலைய நிறுத்தி வச்சீங்க? மூக்குல ஒரு ரவுண்டு செவப்பு அடிச்சிருங்க. டிசைன்னு சொல்லிக்கிடலாம். செவப்புக்கு அடியில செவப்பு யாருக்குத் தெரியும்?"

நல்ல யோசனை. ஒரு நாளில் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது. பேச்சியம்மாள் எனக்குப் பின்னால் நிம்மதியாக மூச்சு விட்டது காதில் கேட்டது. தலையை ஆட்டினால் போதும், கன் என் கையிலேயே இருக்கும்.

"அடிக்க மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"மேல செவப்பு அடிச்சாலும் அதையும் தாண்டி ஏறும் மொதலாளி. பிள்ளைக மொதல்ல வாயில வைக்கிறது மூக்கைத்தான். குங்குமச் சாயம் என்னன்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. எல்லா மூக்கையும் மரம் தெரியத் தேய்ச்சி, சாயத்தை எடுத்துட்டு மறுபடி அடிக்கணும்."

"பார்ட்டிக்கு அடுத்த வாரம் வண்டி ஏத்தணும், தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ கன்னை அங்கன வச்சிட்டுப் போ. அடிக்கிற ஆளு மதுரையிலருந்து வருவான்."

கன்னைக் கம்ப்ரசர் மேல் வைத்தேன். "கன்னை யாருட்ட வேணாலும் குடுங்க. நான் போயித் தேய்க்க உக்காருதேன். மூக்கைத் தேய்க்காம ஒரு வண்டி வெளிய போகாது" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரெங்கராஜன் சார் மட்டும் எழுந்தார். முதல் தட்டிடம் போனார். முதல் வண்டியைக் கம்பியோடு பிடித்து அரைச் சுற்றுத் திருப்பினார். மூக்கு சுவரைப் பார்த்தது. இரண்டாவதைத் திருப்பினார். மூன்றாவது. பஞ்சை எடுக்கவே இல்லை. முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். முதல் தட்டு முடிந்ததும் அடுத்த தட்டுக்குப் போனார். பாதியில் பேச்சியம்மாளும் எழுந்து போய், புலம்பிக்கொண்டே மறுகோடியிலிருந்து திருப்ப ஆரம்பித்தாள். கடைசி வண்டி திரும்பியபோது முந்நூற்றுப் பதினோரு வாலும் முதலாளியைப் பார்த்து நின்றன.

"என்னமும் செய்ங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். அன்றைக்கே பார்ட்டிக்குப் போன் செய்து நாள் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. பார்ட்டி எட்டு நாள் தந்தார்கள். அதை நான் இங்கே எழுதாமல் விட்டால் முதலாளிக்கு நியாயம் செய்ததாகாது.

எட்டு நாளும் மூக்கு வேலைதான். இதையும் கவனமாகக் கேளுங்கள், என்றைக்காவது தேவைப்படும். மூக்கை மட்டும் மரம் தெரியும்வரை தேய்த்தோம். தின்னரில் நனைத்த பேண்டேஜ் துணியை மூக்கில் வைத்து எடுத்தால் துணி ரோஸாகும். அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் சாயத்தைப் பரப்புகிறோம். ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதுத் துணி. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை ஒற்றினோம். சில மூக்குக்கு ஆறு ஒற்றல், சிலதுக்குப் பதினைந்து. எவ்வளவு ஒற்றியும் தீராததை எடுத்து அடுப்புக்குப் போட்டோம். அப்படி ஏழு போயின. பிறகு மூக்கில் மட்டும் மரத்தின் வாயை அடைக்கிற சீலர் இரண்டு தரம், தேய்ப்பு, பிரைமர், தேய்ப்பு. பத்து வண்டிக்கு மட்டும் ஒரு வெள்ளை அடித்து முழுசாக ஒரு நாள் சும்மா விட்டோம். அந்த ஒரு நாளில் நான் அந்தத் தட்டுப் பக்கம் எத்தனை தரம் நடந்தேன் என்று கணக்கில்லை. ரோஸ் வரவில்லை. பிறகுதான் மற்றவை.

அந்த வெள்ளையை அடித்தவள் நான் இல்லை. மதுரைக்காரர் வந்துவிட்டிருந்தார். நான் தேய்ப்பில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி சொன்னது சொன்னதுதான். வழியில் என்னைப் பார்க்கும் பெண்கள், "பொட்டு வச்சி கன்னை விட்டவ வாரா" என்று சொல்வது காதில் விழும். விழுந்தால் விழட்டும் என்று தேய்த்தேன். எனக்குக் கன் வேண்டும் என்று யாரிடமும் போய்க் கேட்கவில்லை. பயந்தவள்தான், ஆனால் கேட்கவில்லை.

நாலு மாசம் கழித்து, மதுரைக்காரர் அடித்த பச்சை வண்டிகளில் ஒரு தட்டு முழுசும் திரும்பி நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் அவர், "என்னய்யா இது, பள்ளிக்கூடமா நடத்துதீங்க?" என்று ரெங்கராஜன் சாரிடம் சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானம் சார் கன்னைக் கொண்டுவந்து, நான் தேய்த்துக்கொண்டிருந்த தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். கன் பிடியில் துளசி வாசம் இருந்தது. நான் ஓய்வு பெறுகிறவரை அது என் கையை விட்டுப் போகவில்லை.

இனி மேனேஜருக்கு நேராகவே சொல்கிறேன். சுவரில்தானே ஒட்டப்போகிறது, படிக்கட்டும்.

ஐயா, என் தொழிலில் நான் செய்த ஒரே பெரிய தப்பு, பயமில்லாமல் வீட்டுக்குப் போன நாளில் செய்த தப்பு. மற்ற நாளெல்லாம் என் பயம் அந்த வண்டிகளைக் காத்தது. பிரைமருக்கும் பிரைமருக்கும் நடுவில் தேய்க்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஒரே தடிமனாக அடித்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். அடியில் என்ன இருக்கிறது என்பதும் அதோடு மூடிக்கொள்ளும். கொஞ்ச நாளைக்கு.

நம்ப வேண்டாம். இந்தக் காகிதத்தோடு ஒரு வண்டியையும் செல்வியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அந்த முந்நூற்றுப் பதினொன்றில் ஒன்று. மூக்கைத் தேய்க்காமல் சாரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு வருசமும் ஆயுத பூஜை முடிந்து கன்னை எடுக்கிற முதல் நாள், அதன் மூக்கில் ஒரு கோட்டு வெள்ளை அடிப்பேன். இந்த வருசம் மூடிவிடுமா பார்ப்போம் என்று. காலையில் வந்து பார்ப்பேன். ஓய்வு பெறுகிற வருசம் வரை பதினோரு கோட்டு ஆயிற்று. மூக்கு வீங்கி, மூக்கு மாதிரியே இல்லை. அந்தப் பதினோரு கோட்டுக்கும் மேலே, வெளுத்துப்போய், ஆனால் பார்த்த கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, பொட்டு நிற்கிறது.

செல்வி, அதைக் கன் ரூம் தட்டில் மூக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வை. மேனேஜர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவர் எப்படி வேண்டுமானாலும் வைக்கட்டும். அவர் போன பிறகு நீ மறுபடி திருப்பி வை.